தேங்கிய சரக்கா, சேர்த்த சரக்கா?



"மூன்று மாதம் அசையாத மூட்டை மூட்டையல்ல, சுமை" என்பார் என் தந்தையார். தண்டலத்திலிருந்து பேரம்பாக்கம் செல்லும் சாலையில், மண்ணூரில் அவர் நடத்திய மளிகை மொத்த வியாபாரத்தை நாற்பது ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். அவருடைய அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் தாக்குப் பிடித்தேன். ஆனால் அதே வார்த்தையால் சென்ற ஆண்டு ஆயுத பூஜையின்போது ஒரு பெரிய தவறும் செய்தேன். நடந்தது வீட்டு விஷயம்தான். என்றாலும் அதில் நம் கடைக்கும் பாடம் இருப்பதால் சங்க இதழில் எழுதுகிறேன்.

குடோனில் இருந்த இரண்டு பைகள்

என் மனைவிக்கு ஸ்வெட்டர் பின்னும் பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் கற்றுக்கொடுத்தது. அதைத் தொழிலாக அவர் செய்யவில்லை. இன்றுவரை யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அடுப்படியை ஒழித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், விளக்கு வைக்கும் நேரம் வரை கையில் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். பிறந்த குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும், விடியற்காலை ஏ.சி. பஸ்ஸில் கம்பெனிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மஃப்ளர், வாசலுக்குத் தோரணம், மேசைக்கு விரிப்பு என்று ஏதாவது ஒன்று நடக்கும். ஒரு காலத்தில் டி.வி.க்கும் டெலிபோனுக்கும் உறை பின்னினார். இப்போது அது செல்போன் பையாகவும் தண்ணீர் பாட்டில் உறையாகவும் மாறியிருக்கிறது.

"இந்த வெயில் ஊரில் கம்பளி நூலுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டவன்தான். நாம் 'உல்லன்' என்று சொல்லி வாங்குவதில் பெரும்பகுதி ஆட்டு ரோமமே அல்ல. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் மூலப்பொருளில் செய்த அக்ரிலிக் நூல் அது. பஞ்சாபில் உள்ள லூதியானாதான் இதற்குப் பெரிய சந்தை. இது போக, நம் வெயிலுக்கு ஏற்ற பருத்திப் பின்னல் நூலும் கிடைக்கிறது.

தவிர, நம் பகுதியும் பழைய பகுதியாக இல்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளிவந்த பிறகு, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார்கள். குளிர்கால வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவது அந்தப் பெண்களுக்கு ஊர் வழக்கம். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, என் மனைவிக்கு இந்தி தெரியாது. எத்தனை கண்ணி என்பதை விரலால் காட்டியே இருவரும் மணிக்கணக்கில் பேசிக்கொள்கிறார்கள்.

நிற்க. ஊசி ஓடுகிற வேகத்தைவிட நூல் வந்து சேருகிற வேகம் எங்கள் வீட்டில் அதிகம். முதலில் பீரோவின் அடித்தட்டில் இருந்தது. பிறகு பரணுக்கு ஏறியது. பரணும் நிறைந்தபோது இரண்டு பைகள் என் குடோனுக்கு வந்து, மேல் தட்டில் இடம் பிடித்துக்கொண்டன.

ஆயுத பூஜைக்காக குடோனை ஒழித்தபோது அந்தப் பைகள் என் கண்ணில் பட்டன. தூசி படிந்திருந்தது. ஆறு மாதமாக யாரும் தொடவில்லை. வழக்கமாக நமக்குச் சரக்கு கொண்டுவரும் லாரி டிரைவர் பக்கத்தில் நின்றவர், "முதலாளி, வண்டிக்குக் குஞ்சம் கட்ட நூல் வேணும்" என்றார். தந்தையாரின் வார்த்தை நினைவுக்கு வந்தது. இரண்டு பைகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இடமும் காலியாயிற்று, டிரைவருக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கை இல்லாத ஸ்வெட்டர்

நான்கு நாள் கழித்து மனைவி குடோனுக்கு வந்து மேல் தட்டைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சத்தம் போடவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு ஸ்வெட்டரைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். மெரூன் நிறம். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை முடிந்திருந்தன. இன்னொரு கைக்கும் கழுத்துக்கும் வேண்டிய நூல் அந்தப் பையில் இருந்ததாம்.

"யாருக்கு இது?" என்றேன்.

"மார்கழியில விடிகாலை நாலு மணிக்கு லாரி இறக்க நிக்கறவருக்குத்தான்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. "அதே நூல் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்று லேபிளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "கிடைக்காதுங்க" என்றார். நாற்பது வருட வியாபாரியிடம் சரக்கு கிடைக்காது என்றால் ரோஷம் வராதா? மறுநாளே சென்னைக்குப் போனேன். பாரிமுனையில் நான்கு கடை ஏறி இறங்கி, அதே கம்பெனி, அதே கலர் நம்பர் நூலைப் பிடித்துவிட்டேன். வெற்றியோடு வீட்டுக்கு வந்து ஸ்வெட்டர் பக்கத்தில் வைத்தேன். டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் வெளிச்சத்தில் பார்த்தால், பழையது அரக்குப் பக்கம் சாய்ந்திருந்தது, புதியது பீட்ரூட் பக்கம்.

லேபிளில் கலர் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு நம்பர் இருந்தது. அதுதான் லாட் நம்பர். நூலுக்குச் சாயம் ஏற்றுவது தொட்டி தொட்டியாக நடக்கிறது. சாயத்தின் அளவோ தண்ணீரோ சூடோ கொஞ்சம் மாறினாலும் அடுத்த தொட்டியின் நிறம் ஒரு நூலிழை மாறிவிடும். தனி உருண்டையாகப் பார்த்தால் தெரியாது. ஒரே துணியில் அடுத்தடுத்து வந்தால் கோடு போட்டதுபோல் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மில்லின் பொன்னி, ஒரே பெயர் போட்ட மூட்டை, ஆனால் போன மாதச் சோறு போல இந்த மாதச் சோறு இல்லை என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறாரே, அதே கதைதான்.

பின்னுகிறவர்கள் தேவைக்கு மேல் ஓரிரண்டு உருண்டை வாங்கிவைப்பதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நடுவில் நூல் தீர்ந்தால் அதே லாட் திரும்பக் கிடைக்காது. மிச்சமானால் பரணில் இருக்கும், குறைந்தால் வேலையே நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் ஓர் உருண்டை மிஞ்சினால், பத்து வருடத்தில் பரண் நிறையாமல் என்ன செய்யும்?

அரைக்கிலோ எடைக்கல்

முன், பின், இரண்டு கை என்று அகலத்தையும் வரிசையையும் பெருக்கிப் பார்த்தேன். ஒரு முழுக்கை ஸ்வெட்டரில் 60 ஆயிரம் கண்ணிக்கு மேல் வந்தது. அத்தனையும் கையால் எடுத்தது. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் அதற்குள் வழி கண்டுபிடித்திருந்தார். முடிந்திருந்த கையையும் பிரித்தார். பிரித்த நூல் சுருள் சுருளாக இருந்தது. அதை நாற்காலி முதுகில் சுற்றிக் கண்டாக எடுத்து, நனைத்து, கொடியில் தொங்கவிட்டு, "உங்க எடைக்கல்லு ஒண்ணு கொடுங்க" என்றார். அரைக்கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டதில் மறுநாள் நூல் ஓரளவு நேராகிவிட்டது. பிறகு இரண்டு வரிசை பழைய லாட், இரண்டு வரிசை புதிய லாட் என்று மாற்றி மாற்றி இரண்டு கைகளையும் புதிதாகப் பின்னினார். கழுத்துப் பட்டியை மட்டும் முழுக்கப் புதிய லாட்டில் போட்டார். பட்டியின் பின்னல் வகையே வேறு என்பதால் நிற வித்தியாசம் அங்கே எடுபடாதாம். மார்கழி பிறப்பதற்கு முன் ஸ்வெட்டர் தயார். சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது.

மார்கழியில் ஒரு விடியற்காலை அதே லாரி வந்து நின்றது. கண்ணாடிக்கு மேலே வரிசையாக மெரூன் குஞ்சங்கள் ஆடிக்கொண்டிருந்தன. டிரைவர் என் ஸ்வெட்டரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தவறு அவருடையதல்லவே.

பேரேடு போட்டோம்

பொங்கலுக்கு முந்தைய வாரம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து மொத்த நூலையும் எடை போட்டோம். என் கடைத் தராசில் 11 கிலோ 400 கிராம் காட்டியது. "இவ்வளவு முதல் முடங்கிக் கிடக்கிறதே" என்று பழக்கதோஷத்தில் வாய் தவறி வந்துவிட்டது. உடனே பதில் வந்தது: "உங்க குடோன்ல ரெண்டு வருஷமா ஜவ்வரிசி மூட்டை கிடக்குது. அதுக்கு பேங்க்ல வட்டி கட்டறீங்க. என் நூலுக்கு யாருங்க வட்டி கட்டறா?"

பதில் இல்லாததால் பழைய பேரேடு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு உருண்டைக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. இது பேத்தியின் கவுனுக்கு, இது அக்கா சால்வைக்கு, இது போன வருடம் பின்னியதில் மிச்சம், கிழிந்தால் ஒட்டுப்போட. பிறந்த குழந்தையின் குல்லாவுக்கு ஏறக்குறைய 30 கிராம் போதும். குழந்தை ஸ்வெட்டருக்கு 150 முதல் 200 கிராம். பெரியவர்களின் முழுக்கைக்கு அரைக்கிலோவுக்கு மேல். எதற்கென்று அவருக்கே நினைவில்லாதது முக்கால் கிலோதான் தேறியது. என் குடோனில் அந்தக் கணக்குப் போட்டால் எத்தனை மூட்டை தேறும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஆயுசுக்குள் பின்னி முடிக்க முடியாத அளவு நூல் சேர்ந்துவிட்டது என்று மேல்நாட்டிலும் இவர்கள் தங்களையே கேலி செய்துகொள்வது உண்டு. நம் சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு, கொக்கி ஊசியால் பின்னிய துண்டுகளை இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர்! 2017இல் 14 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மஃப்ளர் பின்னி இன்னொரு சாதனையும் செய்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பின்னும் பெண்களின் கைவேலைதான் இவ்வளவும்.

கருவிக்கும் நாம் எங்கோ போக வேண்டியதில்லை. பல நாடுகளுக்குப் போகும் 'போனி' பின்னல் ஊசிகளைச் செய்வது நீலகிரி கேத்தியில் 1949இல் தொடங்கப்பட்ட நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம். ஊசி ஊட்டி மலையிலிருந்து வருகிறது, பருத்தி நூலும் நம் மாநிலத்தில் நூற்கப்படுகிறது. ஆனால் ஒரு குல்லா பின்ன மண்ணூரிலிருந்து பாரிமுனைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இது நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

கடைக்காரர் கவனத்துக்கு

மளிகையோடு ஃபேன்சி, ஸ்டேஷனரி சரக்கும் வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்தச் சரக்கைத் தொடுவதாக இருந்தால், என் மனைவியிடம் கேட்டு எழுதிய சில குறிப்புகள்:

1. எடுத்த எடுப்பில் முப்பது கலர் வேண்டாம். வெள்ளை, கிரீம், மெரூன், நீலம், இளஞ்சிவப்பு என்று ஐந்தாறு கலர் போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே லாட்டில் பத்துப் பன்னிரண்டு உருண்டையாவது இருக்கட்டும்.

2. புதிய லாட் வந்தால் பழையதோடு ஒரே பெட்டியில் கொட்டாதீர்கள். பில்லில் லாட் நம்பரை எழுதிக் கொடுங்கள்.

3. பிரிக்காத, லேபிள் கழற்றாத உருண்டையைப் பில்லோடு கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பலாம் என்ற தைரியத்தில் அவர்கள் ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குவார்கள்.

4. நிறம் பார்க்க வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போகக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

5. பழைய ஊசி நம்பரில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், 12ஆம் நம்பர் 2.75 மில்லிமீட்டர். பருத்தி நூலில் 60க்கு மேல் 80 மெல்லியது அல்லவா, அதுபோலத்தான். மாற்றிக் கொடுத்துவிட்டால் ஸ்வெட்டர் அளவே மாறிவிடும்.

6. அக்ரிலிக் நூலை அந்துப்பூச்சி தின்னாது. ஆனால் எலி கூடு கட்ட விரும்பும். மிளகாய், மசாலா மூட்டைகளின் பக்கத்திலும் வைக்காதீர்கள், வாசனை ஏறும்.

இணையத்திலும் நூல் வாங்கலாம்தான். ஆனால் "போன மாதம் வாங்கிய அதே லாட்டில் இரண்டு வேண்டும்" என்று கேட்டவருக்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக் கொடுக்க அங்கே ஆள் கிடையாது. சின்னக் கடையின் பலமே அந்தத் தேடுதல்தான்.

தந்தையாரின் வார்த்தை பொய்யாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். பல நாள் கிடந்தது என்பதற்காக ஒரு சரக்கு தேங்கிய சரக்கு ஆகிவிடாது. எதற்கென்று யாருக்கும் தெரியாமல் கிடப்பதுதான் தேங்கிய சரக்கு. ஆகவே மேல் தட்டை ஒழிப்பதற்கு முன், உரியவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜவ்வரிசி மூட்டையை மாசி மாதமே அசலுக்குத் தள்ளிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மனைவியின் இரண்டு பைகள், வெளியே லாட் நம்பர் எழுதி ஒட்டிய சீட்டோடு இருக்கின்றன.