ஆண்டுக்குப் பெயர் தந்தவர்
பண்டைக் கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் நகரத்து முதன்மைப் பதவியாளரை ‘ஆர்க்கோன்’ என்றனர். ‘தலைமை நீதிபதி’ என்று நாம் மொழிபெயர்த்தால் பாதியே விளங்கும். ‘ஆள்பவர்’ என்பதே சொற்பொருள். ஒன்பது ஆர்க்கோன்களுள் தலையாயவரின் பெயராலேயே அவர் பதவி வகித்த ஆண்டு வழங்கிற்று.

கி.மு. 487 முதல் அவர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தனர். நாளடைவில் செல்வாக்கு படைத்தலைவர்பால் சென்றது. ஆயினும், பதவியேற்குமுன் சோதனை தவறாது நடந்தது. முன்னோர் கல்லறை எங்குளது? பெற்றோரைப் பேணுகின்றீரா? வரி செலுத்தினீரா? போருக்குச் சென்றீரா? தந்தையை இழந்த சிறாரைக் காப்பதும் தலைமை ஆர்க்கோனின் கடமையாதலின், பெற்றோரைப் பற்றிய வினா மிகப் பொருத்தமானதே என்போம்.

கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவின் துணையோடு முப்பதின்மர் ஆட்சியைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்து ஆர்க்கோன் பித்தொடோரஸ். ஏதென்ஸ் மக்கள் அவர் பெயரை ஆண்டுக்கு இட மறுத்து, ‘ஆர்க்கோன் இல்லாத ஆண்டு’ என்றே குறித்தனர்.