மோட்டார் சைக்கிள் பந்தயக் குற்றச்சாட்டு: எதிர்த்து வாதிட விரும்புவோர் அறிய வேண்டியவை

தெருவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியதாகப் பிள்ளைமீது காவல்துறை குற்றம் சாட்டியதும், "தண்டப்பணத்தைக் கட்டிவிட்டால் விடயம் முடிந்துவிடும்" என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வேகமாக ஓட்டுவது வேறு குற்றம்; பந்தயம் ஓட்டுவது வேறு குற்றம். எந்தக் குற்றம் சாட்டப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே அதை எதிர்க்கும் வழியும் அமைகிறது. ஆகவே, கையில் கிடைத்த ஆவணத்தை முதலில் கவனமாக வாசியுங்கள்.

எந்த ஆவணம் உங்களிடம் உள்ளது?

தண்டப்பண அறிவித்தல் என்றால், ரெவினியூ நியூ சவுத் வேல்ஸ் அலுவலகத்திடம் கட்டணமின்றி மறுபரிசீலனை கோரலாம். அல்லது, விடயத்தை நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்று தெரிவிக்கலாம். இரண்டையும் ஆவணத்தில் குறித்துள்ள கடைசி நாளுக்கு முன் செய்தல் வேண்டும். நீதிமன்றத்தைத் தெரிவு செய்தால், அறிவித்தலில் உள்ளதைவிடக் கூடுதலான தொகை விதிக்கப்படவும் இடமுண்டு.

நீதிமன்ற அழைப்பாணை என்றால், பணம் கட்டி அதைத் தீர்க்க இயலாது. அதில் உள்ள நாளில், குறிப்பிட்ட உள்ளூர் நீதிமன்றத்தில் முன்னிலையாக வேண்டும். வராமல் இருந்தால், உங்கள் தரப்பைக் கேளாமலே வழக்கு முடிவு செய்யப்படலாம், பிடியாணையும் பிறப்பிக்கப்படலாம்.

சட்டம் கூறுவது

2013 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 115 ஆம் பிரிவு, காவல்துறை ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியின்றி வீதியில் பந்தயம் நடத்துவதையும், அதை ஊக்குவிப்பதையும், அதில் பங்குபற்றுவதையும் தடைசெய்கிறது. முதல் முறை குற்றம் நிரூபிக்கப்பட்டால் 3,300 டாலர் வரை தண்டப்பணம் விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றம் செய்தால், 9 மாதங்கள் வரை சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். பொதுவாக 12 மாதங்களுக்கு வாகனம் ஓட்டும் தகுதி பறிக்கப்படும். நீதிமன்றம் வேறு காலத்தை விதிக்கவும் கூடும்.

வாகனத்தை அல்லது அதன் இலக்கத் தகட்டை 3 மாதங்களுக்குக் கைப்பற்றி வைக்கவும் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. மோட்டார் சைக்கிள் வீட்டில் வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தாலோ, அது இல்லாததால் குடும்பத்தினர் கடும் இன்னலுக்கு உள்ளானாலோ, அதை முன்கூட்டியே விடுவிக்கக் கோர வழியுண்டா என்று சட்ட ஆலோசகரிடம் உடனே கேளுங்கள்.

எதை எதிர்த்து வாதிடலாம்?

குற்றத்தை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு அரச தரப்புக்கு உரியது. வாகனங்களுக்கு இடையே பந்தயம் நடந்தது, அது வீதியில் நடந்தது, நீங்கள் அதில் பங்குபற்றினீர்கள் ஆகிய மூன்றும் நிறுவப்பட வேண்டும். சமிக்ஞை விளக்கு பச்சையானதும் இருவர் ஒரே வேளையில் விரைந்து புறப்பட்டனர் என்பதால் மட்டும் பந்தயம் நடந்ததென்று ஆகிவிடாது. ஆனால் முன்கூட்டிய பேச்சு, சைகைகள், காணொளி, நேரில் கண்டோரின் சாட்சியம் ஆகியவை அதனுடன் சேரும்போது நிலைமை மாறும்.

பந்தயக் குற்றச்சாட்டு தோற்றாலும், வேகத்துக்கான குற்றச்சாட்டு தனியே நிலைக்கலாம். வேக எல்லையை 45 கிலோமீட்டருக்கு மேல் மீறுவது தன்னளவிலேயே கடுமையான குற்றமாகும். ஆகவே ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக ஆலோசனை பெறுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

• காவல்துறையினர் நிறுத்தும்போது உரிமத்தைக் காட்டவும், பெயரும் முகவரியும் கூறவும் வேண்டும். "பந்தயமா ஓட்டினீர்கள்?" போன்ற கேள்விகளுக்குப் பதில் கூறுமுன் சட்ட ஆலோசனை பெறலாம்.

• நாள், நேரம், இடம், வானிலை, போக்குவரத்து நிலை ஆகியவற்றை நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். தலைக்கவசக் கமராப் பதிவு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதை அழிக்க வேண்டாம். சமூக ஊடகத்தில் பகிரவும் வேண்டாம்.

• பிள்ளையின் உரிமத்தைக் காக்க, "நானே ஓட்டினேன்" என்று பெற்றோர் பொய்யாக அறிவிக்கக் கூடாது. அதுவும் குற்றமாகும், முதல் குற்றத்தைவிடப் பெரிய சிக்கலில் முடியக்கூடும்.

• உரிமம் இடைநிறுத்தப்பட்டிருந்தால் வேலைக்குச் செல்வதற்கும் ஓட்டக் கூடாது.

குற்றத்தை ஒப்புக்கொள்வதாயின்

ஆதாரம் வலுவாக இருப்பதாகச் சட்ட ஆலோசகர் கருதினால், முற்கூட்டியே ஒப்புக்கொள்வது தண்டனையைக் குறைக்க உதவும். போக்குவரத்துக் குற்றவாளிகளுக்கான பயிற்சித் திட்டத்தில் சேரவும், தொழில் வழங்குநர் போன்றோரிடமிருந்து நற்சான்றுக் கடிதங்கள் சமர்ப்பிக்கவும் இயலும். தகுந்த வழக்குகளில், 1999 ஆம் ஆண்டின் குற்றத் தண்டனை நடைமுறைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவின்படி, குற்றப் பதிவின்றி விடுவிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. தற்காலிக வீசாவில் உள்ளோரும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோரும், குற்றப் பதிவு தம் விண்ணப்பத்தைப் பாதிக்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

தமிழில் உதவி

லீகல் எய்ட் நியூ சவுத் வேல்ஸ் அமைப்பை 1300 888 529 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் முதலில் 131 450 என்ற தேசிய உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். குற்றவியல் வழக்குகளில் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் கட்டணமின்றி அமர்த்தப்படுவார். வழக்கு நாளுக்குப் போதிய காலம் முன்பே நீதிமன்றப் பதிவகத்துக்கு அறிவியுங்கள். வீட்டுப் பிள்ளைகளையோ நண்பர்களையோ மொழிபெயர்க்க வைப்பது உகந்ததன்று.

வேகத்தில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு மேற்கு சிட்னியின் ஈஸ்டர்ன் கிறீக்கில் முறையான பந்தயத் தடம் இருக்கிறது. பாதசாரியோ, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் காரோ குறுக்கிடாத அவ்விடத்தைப் பெற்றோர் அவர்களுக்கு எடுத்துக் கூறலாம்.

இக்கட்டுரை பொதுத் தகவல் மட்டுமே. சட்ட ஆலோசனை அன்று. பிற மாநிலங்களில் விதிகள் வேறுபடும்.