வாலிபரும் வாலிபாலும்

பழனி மலைக்கு வந்து சேர்ந்த முதல் பந்தய வீரன் முருகன்தான் என்று சொன்னால் பக்தர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். மயிலேறி உலகத்தைச் சுற்றி வந்த பிள்ளைக்குப் பரிசு கிடைக்கவில்லை. தாய் தந்தையரை வலம் வந்த அண்ணனுக்கே கனி போய்விட்டது. மனம் வெதும்பிய குமரன் இந்தக் குன்றின் மேல் ஆண்டியாய் வந்து நின்றான். புராணத்தின் தத்துவார்த்தம் எதுவாயினும் ஆகுக. திறமையுள்ள இளைஞனைப் பந்தயத்துக்குப் பிறகு கவனியாது விட்டால் அவன் ஆண்டியாகி விடுவான் என்பதற்கு நம் தேசத்து வாலிபால் ஆட்டம் நல்ல உதாரணம்.

இந்த ஆட்டம் உண்மையில் வாலிபருக்காக ஏற்பட்டதன்று. அமெரிக்காவில் ஹோலியோக் நகரத்து வை. எம். சி. ஏ.யில் தேகப்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மார்கன் என்பவர், முட்டி மோதி விளையாட முடியாத நடுவயதுக்காரர்களுக்காக 1895-ஆம் வருஷம் இதனைக் கற்பித்தார். நடுவயதுக்காரர்களிடமிருந்து வாலிபர்கள் இதைப் பறித்துக் கொண்டது பின்னால் நடந்த கதை. 1920-ஆம் வருஷத்தில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் வை. எம். சி. ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயின்ற டிரில் மாஸ்டர்கள் இராஜதானியெங்கும் பள்ளிக்கூடங்களுக்குச் சென்றார்கள். அவர்களோடு இம்மாதிரி விளையாட்டுக்களும் சென்றன.

மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டுக் கிடையாது. கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கங்களில் நிலமெல்லாம் படிப்படியாக இறங்குகிறது. அங்கே கிரிக்கெட்டுக்குச் சமதரை தேடுவது கடலில் மேடு தேடுவது போலத்தான். வாலிபாலுக்கோ சுமார் 60 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள தரை, இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து ஆகியவை போதும். பன்னிரண்டு பேர் விளையாடலாம். ஆட்டத்தின் விதியும் அழகானது. பந்தை யாரும் பிடித்து வைத்துக் கொள்ளலாகாது. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை அதைத் தொடலாகாது. மூன்று தொடுதலுக்குள் வலைக்கு அப்பால் அனுப்பியாக வேண்டும். 'நான்' என்பவனுக்கு இதில் இடமில்லை. 'நாம்' என்பவர்களுக்கே இடம். சுதந்திர நாட்டின் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடத்தை எங்கள் வகுப்பறைகளில்கூட நடத்துவது கடினம்.

ஆரம்பத்தில் நம்மவர்கள் சோடை போகவில்லை. ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் 1958-இல் டோக்கியோவில் வெண்கலமும், 1962-இல் ஜகார்த்தாவில் வெள்ளியும், 1986-இல் ஸியோலில் வெண்கலமும் பெற்றார்கள். அர்ஜுனா விருது தொடங்கிய 1961-லேயே தமிழ்நாட்டு வீரர் ஏ. பழனிசாமி வாலிபாலுக்காக அதைப் பெற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, 2003-ஆம் வருஷம் தாய்லாந்தில் சுபன்புரி நகரத்தில் நடந்த உலக இளைஞர் போட்டியில் நம் சிறுவர்கள் பிரேஸிலுக்கு அடுத்தபடியாக இரண்டாவது இடம் பெற்றார்கள். உலகத்திலேயே இரண்டாவது! இந்தச் செய்தி நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பிறகு நடந்ததுதான் வருந்தத் தக்கது. 1986-க்குப் பின்பு ஆசியப் பந்தயத்தில் நம் ஆடவர்களுக்கு ஒரு பதக்கமும் இல்லை. 1964 முதல் ஒலிம்பிக்கில் வாலிபால் நடக்கிறது. அந்தக் களத்தில் இந்தியக் கோஷ்டி இதுவரை கால் வைத்ததில்லை.

இனி அரபு தேசத்தாரைப் பாருங்கள். மொராக்கோ முதல் ஓமான் வரை பரந்து கிடக்கும் அந்த நாடுகள் மொழியால் ஒன்றுபட்டவை. தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக் கொண்டு, பெரியவர்களுக்கு மட்டுமன்றி இளைஞர்களுக்கும் தனியாகச் சாம்பியன் பந்தயங்களை நடத்துகிறார்கள். பதினேழு வயதுப் பையன் சொந்த ஊரில் பந்து அடித்ததோடு நில்லாமல், அயல்தேசத்துப் பையன் எப்படி அடிக்கிறான் என்பதையும் எதிரே நின்று காண்கிறான். ஜனத்தொகை ஒன்றேகால் கோடிகூட இராத துனிசியா, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியது. எகிப்து 2024-இல் பாரிஸில் ஆடியது. தமிழ்நாட்டில் மட்டும் 2011-ஆம் வருஷத்துக் கணக்குப்படியே ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள்! நம் ஜிம்மி ஜார்ஜின் ஆற்றலை அறிந்து அழைத்துக் கொண்டதும் ஓர் அரபுக் கழகம்தான். கேரளத்தில் பிறந்த அந்த மகா வீரர் அபுதாபியில் ஆடி, பிறகு இத்தாலிக்குச் சென்று, 1987 நவம்பரில் மோட்டார் விபத்தில் அகால மரணம் அடைந்தார்.

"துனிசியாவும் எகிப்தும் ஆப்பிரிக்காவின் வழியாகப் போகின்றன. நமக்கோ ஜப்பானும் ஈரானும் சீனாவும் குறுக்கே நிற்கின்றன" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயந்தான். ஆனால் 2023-இல் ஹாங்சௌ ஆசியப் பந்தயத்தில், முந்தைய பந்தயத்தில் வெள்ளி வாங்கிய தென்கொரியாவை நம்மவர்கள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றார்களே! முடிவில் ஆறாவது இடம்தான் கிடைத்தது என்றாலும், எட்டாத உயரம் அன்று என்பது தெரிந்து போயிற்று.

குறை பிள்ளைகளிடம் இல்லை. ஆசிய இளைஞர் போட்டியும் உலக இளைஞர் போட்டியும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வருகின்றன. ஒன்று தவறினால் பையனுக்கு வயது கடந்து விடுகிறது. நாற்பது வயதுக்காரனுக்கு இரண்டு வருஷம் ஒரு பொருட்டன்று. பதினாறு வயதுக்காரனுக்கோ அது ஒரு யுகம். அதோடு, 2016-இல் நம் சம்மேளனத்தின் உட்பூசல் காரணமாகச் சர்வதேச சம்மேளனம் தடை விதித்தது. தடை பிறகு நீங்கியது; ஆனால் பெரியவர்கள் நாற்காலிக்குச் சண்டையிட்ட அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குக் கழிந்த வயதை யார் திருப்பிக் கொடுப்பது? கெட்டிக்காரப் பையனும் ரயில்வேயிலோ போலீஸிலோ ஓர் உத்தியோகம் கிடைத்தால் போதுமென்று இருந்து விடுகிறான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையை இதற்காகக் குற்றம் சொல்வதற்கில்லை.

பரிகாரம் என்ன? அரபு நாட்டார் செய்வதை நாமும் செய்யலாம். அண்டையிலுள்ள இலங்கை 1991-இல் வாலிபாலைத் தேசிய விளையாட்டாக ஏற்றுக் கொண்டது. நேபாளம் 2017-இல் அவ்வாறே செய்தது. இவ்விரண்டு தேசங்களின் இளைஞரையும் நம் இளைஞரையும் வருஷந்தோறும் தவறாமல் ஒரு களத்தில் சந்திக்க வைப்பதற்குக் கோடிக்கணக்கான பணம் வேண்டியதில்லை. மனம் வேண்டும், அதைவிட முக்கியமாக, தவறாத ஒழுங்கு வேண்டும். அத்தகைய பந்தயம் பெரிய நகரங்களில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தைப்பூசத்தின்போது இலட்சக்கணக்கான யாத்திரிகரை வரவேற்கும் பழனிக்கு, நாலைந்து கோஷ்டிப் பிள்ளைகளை வரவேற்பது ஒரு பாரமா?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மாலையில் பையனோ பெண்ணோ வலைக்கு முன்னால் குதித்துக் கொண்டிருந்தால், "படிப்புக் கெட்டது" என்று உடனே கூப்பிட்டு விடாதீர்கள். ஒரு மணி நேரம் ஆடட்டும். அந்தக் குதிப்பு வீண் போகாமல் பார்த்துக் கொள்வது நம் பொறுப்பு.