பந்தி வஞ்சனை கூடாது!
செல்போன் டவர் பங்கு போடும் விதம்

டவருக்குப் பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் சினிமா பார்க்கிறான். படம் தங்கு தடையின்றி ஓடுகிறது.

ஊர்க் கோடியில் ஒரு பாட்டி. வெளியூர்ப் பேரன் முகத்தைப் பார்க்க ஆசை. படம் நின்று நின்று வருகிறது!

இருவருக்கும் ஒரே டவர்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

டவரிடம் உள்ள ரேடியோ அலை அளவானது. பந்தியில் பரிமாறுவது போல அதை எல்லோருக்கும் பங்கு போட வேண்டும். பரிமாறுவது ஒரு கம்ப்யூட்டர்!

வினாடிக்கு 1,000 தடவை

4ஜி முறையில் இந்தப் பங்கீடு வினாடிக்கு 1,000 தடவை நடக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை 100 துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். எந்தத் துண்டு யாருக்கு என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

"எனக்கு அலை நன்றாக வருகிறது", "எனக்கு மோசம்" என்று ஒவ்வொரு செல்போனும் டவருக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும்.

எது நியாயம்?

ஒரு கணக்குப் பார்ப்போம்.

ஒரு தடவையில் பையனுக்கு 9 பங்கு அனுப்பலாம். தூரத்தில் இருக்கும் பாட்டிக்கு 1 பங்குதான் போய்ச் சேரும். மொத்தம் 10 தடவை என்று வைத்துக்கொள்வோம்.

பத்தையும் பையனுக்கே கொடுத்தால் 90 பங்கு போகும். பாட்டிக்குப் பூஜ்யம்! இது பந்தி வஞ்சனை.

சரி, இருவருக்கும் சம அளவு கொடுத்தால்? பாட்டிக்கு 9 தடவை, பையனுக்கு 1 தடவை. ஆளுக்கு 9 பங்கு. மொத்தமே 18தான்!

நேரத்தைச் சமமாகப் பிரித்தால்? பையனுக்கு 45, பாட்டிக்கு 5. யாருக்கும் பட்டினி இல்லை.

நடு வழி

இத்தகைய நடு வழிக்கு "விகித நியாயம்" என்று பெயர். தகவல் பாதைகளைப் பங்கிட, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் பிராங்க் கெல்லி 1997-ல் இதற்குக் கணக்கு வகுத்தார்.

டவரில் அது எப்படி நடக்கிறது?

ஒருவருக்கு இந்த நொடியில் எவ்வளவு அனுப்ப முடியும் என்று கம்ப்யூட்டர் பார்க்கும். சமீபத்தில் அவருக்குச் சராசரியாகக் கிடைத்த அளவால் அதை வகுக்கும். விடை யாருக்குப் பெரிதோ, அடுத்த பங்கு அவருக்கு!

காத்திருக்கும் பாட்டியின் சராசரி குறையும். விடை ஏறும். முறை வந்துவிடும். அலை ஏறி இறங்கும்போது, பாட்டிக்கு நன்றாக வரும் நொடி பார்த்தும் கொடுக்கும்!

ஆனால் ஒன்று. நியாயமான பங்கீடு பட்டினியைத் தடுக்கும், பற்றாக்குறையைப் போக்காது. பேரன் முகம் தெளிவாகத் தெரிய, ஊர்க் கோடிக்கும் ஒரு டவர் வேண்டும்.