8 மானா கார்டை ஏன் தூக்கினேன்?

"கார்டு கேம் ஆடுறேன்"னு வீட்டுல சொல்லிப் பாருங்க. அடுத்த கேள்வி, "ரம்மியா? எவ்வளவு விட்ட?" எங்கப்பாவுக்கு ஹார்பர்ல வேலை. போன வருஷம் என் போனை வாங்கி, பேங்க் மெசேஜ் எல்லாம் பார்த்துட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். நான் ஆடுவது ஹார்த்ஸ்டோன். இதில் பணம் கட்டிப் பந்தயம் வைப்பதே கிடையாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இது காட்சிப் போட்டியாக நடந்து, குஜராத்தின் பூஜ் ஊர்க்காரர் தீர்த் மேத்தா வெண்கலம் வாங்கினார். பூஜ் இருக்கும் கட்ச் மாவட்டத்திலும் நம்ம தூத்துக்குடி மாதிரியே உப்பளம்னு சொன்ன பிறகுதான் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

சரி, டெக்குக்கு வருவோம். ஆளுக்கு 30 கார்டு, 30 உயிர். ஒரே கார்டு இரண்டுக்கு மேல் கூடாது, லெஜண்டரின்னா ஒன்றுதான். முதல் டர்னில் 1 மானா, அப்புறம் டர்னுக்கு ஒன்று கூடி 10 வரை போகும். ஸ்வார்ம் டெக் என்பது சாளைக் கூட்டம் மாதிரி. தனித்தனியா எல்லாமே பொடிசு. ஆனா எதிராளியின் பெரிய கார்டுகள் வருவதற்குள் மொத்தமா மேய்ந்துவிடும். இதுக்கு வார்லாக்தான் சரியான ஆள். பொடி கார்டுகளை ரெண்டு ரெண்டா இறக்கினா கை சீக்கிரம் காலியாகும். வார்லாக் 2 மானாவும் 2 உயிரும் கொடுத்து ஒரு கார்டு கூடுதலா எடுத்துக்கலாம். இந்த வகை டெக்குக்கு 'ஜூ' என்று பெயர்.

என் முதல் டெக்கில் 1 மானா கார்டு நாலே நாலு. ஃப்ளேம் இம்ப் ரெண்டு, வாய்ட்வாக்கர் ரெண்டு. தோற்கும்போதெல்லாம் "கையே வரல மக்கா, லக் இல்ல"ன்னு புலம்புவேன். ஒருநாள் பிராபபிலிட்டி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதலில் ஆடுபவருக்கு 3 கார்டு. 1 மானா கார்டு ஒன்றுகூட இல்லைன்னா மூன்றையும் மாற்றலாம் (திருப்பிக் கொடுத்தவை உடனே வராது). பிறகு டர்ன் தொடங்கும்போது இன்னொன்று. இப்படிக் கணக்குப் போட்டால், முதல் டர்னிலேயே ஒன்று கையில் இருக்க வாய்ப்பு: டெக்கில் 4 இருந்தா 67 சதவீதம், 6 இருந்தா 82, 8 இருந்தா 91, 10 இருந்தா 96. அதாவது, நான் மூன்று ஆட்டத்துக்கு ஒன்றில் முதல் டர்னைச் சும்மா விட்டிருக்கேன். லக் பாவம், அது மேல ஏன் பழி?

8-லிருந்து 10-க்குப் போனா 5 சதவீதம்தான் கூடுது. ஆனா ஆறாவது டர்னில் கைக்கு வரும் 1 மானா கார்டு கிட்டத்தட்ட வேஸ்ட். அதனால 8-ல் நிறுத்தினேன்.

இடம் எங்கிருந்து வந்தது? ராக்னராஸை எடுத்தேன். 1600 டஸ்ட் கொடுத்து நானே உருவாக்கின 8 மானா லெஜண்டரி. மனசே வரல. ஆனா எட்டாவது டர்ன் வரை ஆட்டம் போனா ஸ்வார்ம் டெக் பெரும்பாலும் தோற்றிருக்கும். முதல் கையில் அவர் வந்தால் நான் ரெண்டு கார்டோடு ஆடுற மாதிரிதான்.

அடுத்த தப்பு, கையில் இருப்பதை எல்லாம் இறக்கிவிடுவது. போர்டில் 7 பேர் நிற்கலாம்தான்; பாலடின் கான்செக்ரேஷன் போட்டா எதிரிகள் எல்லாருக்கும் தலா 2 அடி. வாய்ட்வாக்கருக்கு 3 உயிர், தப்பிக்கும். ஃப்ளேம் இம்ப்புக்கு 2, செத்தது. அதனால பாலடின் எதிரில் இருந்தால் மூன்றாவது டர்னிலேயே ரெண்டு கார்டை கையில் பிடித்து வைக்கிறேன். செத்தாலும் ரெண்டு பொடி சிலந்தியை விட்டுப் போகும் ஹான்டட் கிரீப்பரையும் சேர்த்தாச்சு. பழைய கார்டுதான், வைல்டில் ஆடலாம்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரு கார்டை மட்டும் மாத்துங்க. லேப்ல ரெண்டு ரெசிஸ்டரை ஒண்ணா மாத்திட்டு எதனால ரீடிங் மாறுச்சுன்னு முழிச்சிருக்கோம்ல, அதே கதைதான். நான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 20 ஆட்டம் நோட்டில் குறித்து வைக்கிறேன். அதுவே குறைவுதான், ஆனா செமஸ்டர் நெருங்குது. அந்த நோட்டைப் பார்த்துட்டு அப்பா கேட்டார்: "இது எந்த சப்ஜெக்ட்லே?"