கறுத்த கண்ணாடிக்குள் தாத்தாவின் முகம்: கழுவிவிடாதீர்கள்!

லுக்குட் - தோட்ட வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பட்டணத்துப் பழைய ஸ்டூடியோவின் பரணிலோ கறுத்துப்போன கண்ணாடித் தகடுகள் கிடந்தால், குப்பை என்று வீசிவிட வேண்டாம். பிலிம் பரவலாவதற்கு முன் படம் பிடிக்கப் பயன்பட்ட நெகட்டிவ்களாக அவை இருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெள்ளை வேட்டி கறுப்பாகவும், கறுத்த முடி வெள்ளையாகவும் தெரியும்.

1871இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் மேடக்ஸ் அறிமுகப்படுத்திய முறையில் வளர்ந்தவை இத்தகடுகள். கண்ணாடியின் ஒரு பக்கம் ஜெலட்டின் பூச்சு இருக்கும். அதிலுள்ள நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான் படம். பளபளக்கும் பக்கம் வெறும் கண்ணாடி. மங்கலான பக்கத்தில்தான் முகம் இருக்கிறது. அதைக் கழுவினால் முகமும் போய்விடும்.

ஜெலட்டினுக்கு ஈரம் பகை. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். பூச்சு இளகி, அடுக்கிவைத்த தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். அங்குள்ள பழைய ஸ்டூடியோக்களின் படங்களைக் காப்பாற்ற, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன் மின்னாக்கப் பணியில் இறங்கியது. சாதாரணக் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட படங்களும் வரலாறுதான் என்பதை அப்பணி உணர்த்தியது.

மின்னாக்கம் செய்ய, அடியிலிருந்து சீரான வெளிச்சம் தரும் பலகையில் தகட்டை வைத்து மேலிருந்து கேமராவில் படமெடுப்பார்கள். பிறகு கணினியில் கறுப்பு வெள்ளையைத் திருப்பினால் முகம் தெளிவாகிவிடும். அதன் பிறகும் மூலத் தகட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். கணினிக் கோப்பு அழிந்தால் மீண்டும் எடுக்க அது ஒன்றே வழி.

வீட்டில் செய்யக்கூடியவை:

* கையுறை அணிந்து, ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.
* தண்ணீர், சோப்பு, துணி எதுவும் பூச்சில் படக்கூடாது.
* ஒட்டிய தகடுகளைப் பிரிக்க முயலாதீர்கள்.
* ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையிலிட்டு, நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.
* உறையின் மேல் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைத் தகட்டை உள்ளே வைக்கும் முன்பே பென்சிலால் எழுதுங்கள்.

சேதம் அதிகமென்றால் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவிடம் ஆலோசனை கேட்கலாம்.

தோட்டத் துண்டாடலும், பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்களும் எத்தனையோ லயங்களை இல்லாமல் செய்துவிட்டன. அங்கு வாழ்ந்தவர்களின் முகங்களாவது மிஞ்சட்டும். தகட்டைக் காப்பது பாதி வேலைதான். “இவர் யார்?” என்று கேட்டால் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது மீதிப் பாதி.