பெயர் இல்லாத பெண்களைத் தேடிச் சென்ற அறிஞர்!

இன்னாரின் மனைவி. இன்ன குடும்பத்தில் பிறந்தவள். இத்தனை வயதில் விதவை ஆனாள். இத்தனை ஆண்டுகள் மறுமணம் செய்யாமல் வாழ்ந்தாள்.

அவ்வளவுதான். ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் இரண்டே வரியில் முடிந்துவிட்டது! அவளுடைய பெயர்கூட அதில் இல்லை.

சீனாவின் பழைய ஊர் வரலாறுகளில் இப்படிப் பல்லாயிரம் பெண்கள் இருக்கிறார்கள்.

ஊருக்கு ஒரு புத்தகம்

சீனாவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வரலாறு எழுதி வைப்பது பழைய வழக்கம். மலை, ஆறு, வரி, விளைச்சல், கோயில் எல்லாம் அதில் இருக்கும். 1949-க்கு முன் எழுதியவற்றில் சுமார் 8,000 நூல்கள் இன்றும் இருக்கின்றன.

தாங் வம்ச காலத்தில் (618-907) அவை பெரும்பாலும் வரைபடமும் விவரமும் கொண்ட நூல்கள். ஆட்சி நடத்த அதிகாரிகளுக்கு அவை உதவின. மனிதர்களின் கதைக்கு அவற்றில் இடம் குறைவு.

சோங் வம்ச காலத்தில் (960-1279) நிலைமை மாறியது. ஊரின் அறிஞர்கள், நல்ல அதிகாரிகள், அரசாங்கத் தேர்வில் வென்றவர்கள் எல்லாரும் இடம் பெற்றார்கள்.

அரசரின் உத்தரவு

1368-ல் மிங் வம்சம் ஆட்சிக்கு வந்தது. அந்த ஆண்டே அரசர் ஓர் உத்தரவு போட்டார். 30 வயதுக்கு முன் கணவனை இழந்து, 50 வயது வரை மறுமணம் செய்யாத பெண்ணுக்கு அரசாங்க மரியாதை உண்டு. அவள் குடும்பத்துக்குக் கட்டாய வேலையிலிருந்து விலக்கும் உண்டு!

பெண்ணின் துயரம் குடும்பத்துக்குப் பெருமை ஆயிற்று, லாபமும் ஆயிற்று. ஊர் வரலாறுகளில் விதவைகளின் பட்டியல் நீண்டது. அடுத்து வந்த சிங் வம்ச காலத்தில் (1644-1911) இன்னும் பெருகியது. ஆனால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன.

நேரில் கேட்டார்

இதைப் பொறுக்காதவர் ஜாங் சூசெங் (1738-1801) என்ற வரலாற்று அறிஞர். பீகிங் நகருக்கு அருகே உள்ள யோங்சிங் மாவட்டத்தின் வரலாற்றை எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது. 1779-ல் அதை முடித்தார்.

அதற்காக அவர் என்ன செய்தார் தெரியுமா? மாவட்டத்தில் இருந்த விதவைகளை அழைத்து, அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொன்னார். வர விரும்பாதவர்களின் வீட்டுக்குத் தாமே போனார். இப்படி 50-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டார்.

மனிதர்களின் முகம் வெவ்வேறாக இருப்பது போல, அவர்களுடைய இன்பதுன்பமும் வெவ்வேறாக இருக்கக் கண்டார். அதை அப்படியே எழுதவும் முயன்றார்.

சீனாவில் 1980-களிலிருந்து புதிய ஊர் வரலாறுகள் எழுதப்படுகின்றன. புரட்சியில் உயிர் நீத்தவர்கள், சிறந்த தொழிலாளர்கள், விஞ்ஞானிகள் அவற்றில் இடம் பெறுகிறார்கள். விதவைகளின் நீண்ட பட்டியல் மறைந்துவிட்டது.

பழைய பட்டியலில் உள்ள பெண்கள் பலர் என்ன நினைத்தார்கள், என்ன பாடுபட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. யோங்சிங் பெண்களிடம் ஒருவர் கேட்டார்!